பிடரி காட்டிய ராஜாக்கள்

சிப்பித்துறையில் ராஜாக்களெல்லாம் பிடரியைத் திருப்பிக்கொண்ட கதையில் பாதியை ஊரே கண்ணால் பார்த்தது, மீதியை நான் காதால் கேட்டேன். மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்பதால் என் எழுத்தை நீங்கள் சந்தேகப்படலாம், காதைச் சந்தேகப்படாதீர்கள், ஏனென்றால் இருபத்தேழு வருஷம் வலைக்கூடத்து வாசலில் சுக்குக்காப்பி விற்றுக்கொண்டு, ஒவ்வொரு ஞாயிறும் பழங்காசு கல்லில் விழுகிற சத்தத்தைக் கேட்டவள் நான்.

எங்கள் கடலுக்கு வயிறு பெரிது. எந்தெந்தக் காலத்திலோ எந்தெந்த தேசத்துக் கப்பலையோ முழுங்கிவிட்டு, வாடைக்காற்று அடங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையில் கக்கும். ஒல்லாந்துக் காசு, டென்மார்க்குக் காசு, ஓட்டை போட்ட சீனக் காசு, கொண்டை போட்ட விக்டோரியா காசு என்று எங்கள் ஊரில் அடுப்பங்கரை டப்பாவிலும் உலகம் இருந்தது. அதை வாங்க மதுரையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் வலைக்கூடத்தில் வலைகளை ஓரம் தள்ளி நாற்பது மேசை போடுவார்கள், நாற்பது மேசைக்கும் நடுவில் கபிரியேல் வாஸ் உட்கார்ந்திருப்பார், அவர் சீட்டு எழுதாமல் ஒரு காசு கைமாறாது.

வாஸ் காசு பார்க்கிற அழகை நான் குறை சொல்ல மாட்டேன். முதலில் தட்டான் தராசில் நிறுப்பார். பிறகு காந்தத்தைக் காட்டுவார். பிறகு விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டுவார், வார்த்த காசென்றால் அச்சு சேர்ந்த இடத்தில் நகம் தட்டும். பிறகு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்ப்பார். கடைசியில், பழைய கோயில் பீடத்திலிருந்து விழுந்த பளிங்குக் கல்லின் மேல் காசை ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். அப்போது வலைக்கூடமே மூச்சை அடக்கும். அதற்கு மேல்தான் பச்சை மையில் சீட்டு: அசல், அல்லது நகல். முப்பது வருஷமாக அந்த ஒற்றை வார்த்தைக்கு எங்கள் ஊரில் மேல்முறையீடு இருந்ததில்லை.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒருத்தர் செத்துப்போனால் நெற்றியில் ராஜா தலை போட்ட காசு ஒன்றை வைப்போம். போகிற இடத்தில் விசாரணை உண்டு, அங்கே நம்மைத் தெரியும் என்று சொல்ல ஒரு ராஜா கூட வந்தால் நல்லது என்பது எங்கள் நினைப்பு. ஜெபம் முடிந்து பெட்டியை மூடும்போது காசை எடுத்து வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் வைத்துக்கொள்வோம். சாட்சி சொன்ன காசு அந்த வீட்டுக்குக் காவல்.

இன்னாசியம்மாவின் புருஷன் தொபியாசு சங்கு குளிக்கிறவன். ஒரு சித்திரை மாதத்தில் அவன் போன மூச்சு திரும்பி வரவில்லை. தூக்கிக் கொண்டுவந்து கரையில் போட்டபோது அவன் வலது கை பூட்டுப் போட்ட மாதிரி மூடியிருந்தது. மூன்று ஆம்பளைகள் முயன்றும் விரலைப் பிரிக்க முடியவில்லை. இன்னாசியம்மா வந்து மணலில் உட்கார்ந்து, "ஏங்க, நாந்தான்" என்றாள். விரல் தானாக விட்டது. உள்ளே கறுப்பாக, வட்டமாக, உள்ளங்கை நிறைய ஒரு காசு. அவள் வீட்டில் வேறு ராஜா கிடையாது. அதைத்தான் அவன் நெற்றியில் வைத்தாள்.

வருஷப் பூசை நெருங்கியபோது அவளுக்கு ஒரே ஒரு ஆசை வந்தது. தன் புருஷனுக்குச் சாட்சி போன ராஜா யார் என்று தெரிய வேண்டும். அதற்காக அவள் செய்த காரியத்தைக் காசு சேர்க்கிறவர்கள் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள், ஆனால் எங்கள் ஊர்ப் பெண்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்: பெரிய இடத்துக்குக் கொண்டுபோகிற பொருளை அழுக்கோடு கொண்டுபோகலாமா என்று, தவக்காலம் நாற்பது நாளும் புளியும் சலித்த மணலும் போட்டு, குத்துவிளக்கை விளக்குவது போல அந்தக் காசை விளக்கினாள். இருநூறு வருஷக் கறுப்பும் கரைந்தோடி, அவள் கைக்குட்டையைப் பிரித்தபோது அது வாளைமீன் வயிறு மாதிரி பளபளத்தது. நாற்பது மேசைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"வாஸண்ணே, இது விக்கதுக்கு இல்ல. எந்த ராஜான்னு மட்டும் சொல்லுங்க. பூசையில எங்க வீட்டு ஆளு பேரோட ராஜா பேரையும் சேத்து வாசிக்கச் சொல்லணும்."

வாஸ் தராசில் நிறுத்தார். காந்தம் காட்டினார். விளிம்பில் நகத்தை ஓட்டினார், வட்டம், கட்டம், வட்டம், கட்டம் என்று பூவேலை ஓடியது, நகம் எங்கேயும் தட்டவில்லை. லென்ஸை வைத்தார். வைத்தவர் ஒரே இடத்தை மூன்று தடவை பார்த்ததை நான் கவனித்தேன். பெரிய ராஜாவின் கழுத்தில் கடுகு வட்டத்துக்குள் இன்னொரு சின்ன ராஜாவின் தலையை யாரோ அந்தக் காலத்தில் குத்தியிருந்தார்கள். பிறகு கல்லில் போட்டார். கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகும் காற்றில் ஒரு நூல் நிற்குமே, அந்தச் சத்தம். அந்த நூல் அறுவதற்குள் வாஸ் உள்ளங்கையால் காசை அமுக்கிவிட்டார். நல்ல காசின் சத்தத்தை யாரும் பாதியில் அமுக்க மாட்டார்கள். கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எனக்கு அப்போதே சுருக்கென்றது, ஆனால் காப்பி விற்கிறவள் வாயைத் திறக்கிற இடமா அது.

"என்னத்த தங்கச்சி இப்பிடி வெளக்கி வச்சிருக்க?" என்றார் வாஸ், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "பழைய காசு இப்பிடிப் பல்லைக் காட்டாது. இது வார்ப்பு. பாஸ்கா நாடகத்துல ஏசுவக் காட்டிக்குடுக்கதுக்குக் கூலியா எண்ணிக் குடுக்க யூதாஸ் காசு. ஒண்ணு கொறையுதுன்னு நாடகக்காரங்க தேடிட்டுத் திரிஞ்சாங்கல்லா, கெடச்சிட்டு."

முதலில் சிரித்தது முடிவெட்டுகிற சந்தியாகு. "அப்பம் தொபியாசு யூதாசுக்காவால மூச்சை விட்டான்!" என்றான். நாற்பது மேசையும் சிரித்தது. வாஸ் பச்சை மையில் நகல் என்று எழுதிச் சீட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு, "நாடகப் பெட்டியில சேத்திருதேன், நீ போ" என்று காசைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இன்னாசியம்மா அழவில்லை. "அந்தக் கைய நாந்தான் பிரிச்சேன், வாஸண்ணே. அது பொய்யப் பிடிச்சிக்கிட்டுச் சாகுற கை இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். அவள் வாசற்படி தாண்டி மூன்றாவது அடி வைத்தபோது, வாஸின் மேசையிலிருந்த காசுகளில் ராஜாக்களும் ராணிகளும் மெதுவாகத் திரும்பி அவருக்குப் பிடரியைக் காட்டினார்கள்.

திரும்பினதும் பெரிய ஆர்ப்பாட்டம் ஒன்றும் இல்லை. பக்கத்து மேசைக்காரர் தன் காசைத்தான் யாரோ தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்று வைதார். வாஸ் பார்க்கிற காசெல்லாம் பிடரி, அவர் அந்தப் பக்கம் போனால் பழையபடி முகம் என்று புரிய ஊருக்கு ஒரு பானைக் காப்பி தீர்கிற நேரம் பிடித்தது. அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. சந்தியாகு கத்தரியோடு வந்து ராஜாக்களின் பின்மண்டையைப் பார்த்து, இன்ன ராஜாவுக்கு வெட்டினவன் கை சுத்தம், இன்ன ராஜாவுக்கு வெட்டினவன் அவசரக்காரன் என்று தீர்ப்புச் சொன்னான். விக்டோரியா ராணியின் கொண்டையை அதுவரை பக்கவாட்டில் மட்டுமே பார்த்திருந்த எங்கள் பெண்கள், ஊசி எங்கே செருகியிருக்கிறது என்பதைப் பின்பக்கத்தில் பார்த்துக்கொண்டுபோய், மாதா திருவிழாத் தேருக்கு ஊரே ராணிக்கொண்டையோடு வந்தது. வாஸ் பாளையங்கோட்டையில் கண் டாக்டரிடம் போனார். டாக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணு நல்லாத்தான் இருக்கு, ராஜாவுக்குத்தான் ஏதோ கோவம்" என்று சொட்டு மருந்துகூட எழுதாமல் அனுப்பிவிட்டார்.

கடையில் கொடுக்கிற சர்க்கார் காசுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அதில் இருப்பது சிங்கம், அந்தச் சிங்கத்துக்கு எந்தப் பக்கம் திருப்பினாலும் மூஞ்சிதான், முதுகென்று ஒன்று கிடையாது. அதனால் வாஸ் காப்பி குடிக்கத் தடையில்லை. என்னிடம்தான் குடித்தார். சீனி போட மறந்தேன், தினமும் மறந்தேன்.

அப்புறம் ஒரு ஞாயிறு, கொச்சிக்காரர் ஒருவர் ஒரே மாதிரி இரண்டு விக்டோரியா கொண்டுவந்தார். வாஸுக்கு முன்னால் வைத்ததும் ஒருத்தி திரும்பிக்கொண்டாள், இன்னொருத்தி திரும்பாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தவளை அறுத்துப் பார்த்தால் உள்ளே ஈயம். அன்றைக்கு ஊருக்கு விளங்கிவிட்டது: அசல் ராஜா வாஸைப் பார்க்க மாட்டார், நகல் ராஜாவுக்கு வெட்கம் கிடையாது. தராசு எதற்கு, காந்தம் எதற்கு, லென்ஸ் எதற்கு? வாஸே போதும். பஸ் ஏறி வந்தார்கள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இலைக்குப் பக்கத்தில் காசை வைத்தார்கள், சவரம் செய்துகொண்டிருந்தால் கண்ணாடிக்கு முன்னால் நீட்டினார்கள். அவர் பழக்கத்தில், "இது ஆயிரத்தி எழுநூத்தி..." என்று ஆரம்பித்தால், "நீங்க வாயத் தொறக்காண்டாம் சார், சும்மா பாருங்க, போதும்" என்றார்கள். உலகத்துக் காசெல்லாம் தெரிந்த ஒரு மனுஷனிடம், அவருக்குத் தெரிந்ததை மட்டும் யாரும் கேட்கவில்லை. பச்சை மை புட்டியிலேயே காய்ந்தது. வீட்டு அலமாரியில் வெல்வெட்டில் பதித்து வைத்திருந்த நானூறு ராஜாக்களும் நானூறு பிடரிகளாக இருந்தார்கள்.

வரிசையில் கடைசியாக ஒவ்வொரு ஞாயிறும் இன்னாசியம்மா நின்றாள். வெறுங்கையோடு நின்றாள். முறை வந்ததும் வாஸ் தலையைக் குனிந்துகொண்டு, "உனக்கு என்ன?" என்பார்.

"எங்கிட்ட காசு இல்ல வாஸண்ணே. ஒங்ககிட்டல்லா இருக்கு."

"அதை நாடகப் பெட்டியில போட்டாச்சின்னு சொன்னேம்லா."

அவள் போய்விடுவாள். அடுத்த ஞாயிறு வருவாள். பதினோரு மாதம் அதே கேள்வி, அதே பதில், ஒரு நாள்கூடக் குரலை உயர்த்தவில்லை. அவள் நிற்க நிற்க மற்றவர்களின் சிரிப்பு வற்றியது. கடைசியில் பங்குச்சாமியே நாடகப் பெட்டியைத் திறந்து மேசையில் கவிழ்த்தார். யூதாஸ் காசு முப்பதும் இருந்தது, அத்தனையும் டின், அத்தனையும் பித்தளைப் பொத்தான் அளவு. முப்பத்தொன்றாவது இல்லை.

"வார ஞாயித்துக்கெழமைக்குள்ள அதக் கொண்டாந்து ஊருக்கு முன்னால வையும் வாஸ்," என்றார் சாமி. "ராஜா திரும்புதாரா இல்லையான்னு பாத்துருவோம்."

அந்த வாரம் வாஸ் ஊரில் இல்லை. ஞாயிறன்று வந்தார், சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, பழைய வாஸாக வந்தார். பைக்குள்ளிருந்து உள்ளங்கை நிறைய ஒரு காசை எடுத்துப் பளிங்குக் கல்லின் மேல் பதவிசாக வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். வலைக்கூடம் குனிந்து பார்த்தது. ராஜா திரும்பவில்லை. பெரிய ராஜாவும் திரும்பவில்லை, கழுத்திலிருந்த சின்ன ராஜாவும் திரும்பவில்லை. ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரு ராஜாவின் முகத்தைப் பார்த்ததில் வாஸின் கண் கலங்கியது. அது மட்டும் நடிப்பில்லை.

"பாத்தியளா? நகல்னு அன்னைக்கே சொன்னேன். ஒரு அறியாத பொம்பள பேச்சக் கேட்டு என்னை என்ன பாடு படுத்திட்டிய!"

கூட்டம் இன்னாசியம்மாவைப் பார்த்தது. சந்தியாகு மறுபடியும் சிரிக்கலாமா என்று வாயை ஒருபக்கம் கோணிக்கொண்டு நின்றான். அவள் முன்னால் வந்து காசைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது ஏன் வாஸண்ணே கறுத்திருக்கு?"

"வெள்ளின்னா காத்து பட்டுக் கறுக்கத்தான் செய்யும்."

"நகல்னீய. இப்பம் வெள்ளிங்கிய."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அதில் நெல்லிக்காய் அளவு புளி இருந்தது. அங்கேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என்னிடம் ஒரு கை தண்ணீர் வாங்கித் தெளித்துத் தேய்க்க ஆரம்பித்தாள். முதலில் விளக்குப் புகைக் கரி வந்தது. பிறகு வெள்ளை வந்தது. அவள் விடவில்லை. ஜெபமாலை சொல்லுகிற நேரம் தேய்த்தாள், அப்புறம் ராஜாவின் மூக்கில் செம்பு சிவந்தது.

என்ன நடந்ததென்று சொல்கிறேன். தன்னிடம் இருந்த காசைப் பார்த்து வெளியூரில் ஒரு நகல் வார்த்து, வெள்ளி முலாம் பூசிக் கொண்டுவந்திருந்தார் வாஸ். அத்தோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் காசென்றால் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று முப்பது வருஷம் பழகின கை, பளபளப்பாக ஒரு காசை மேசையில் வைக்கக் கூசியிருக்கிறது. விளக்குத் திரியில் காட்டி, எண்ணெய் தடவி, எழுத்து இடுக்கெல்லாம் வயசை ஏற்றிவிட்டது. அவர் கேலி செய்த பளபளப்பை ஊரே பார்த்திருந்தது என்பது அவருக்கு மறந்துபோயிற்று.

"நாப்பது நாள் வெளக்குனேன்," என்றாள் இன்னாசியம்மா. "சேப்பு வரலை. இது ஒரு ஜெபமாலைக்குத் தாங்கலை."

நான் அப்போதுதான் வாசலிலிருந்து வாயைத் திறந்தேன். "கல்லுல போடு, இன்னாசி."

போட்டாள். டொக் என்றது. ஓட்டுத்துண்டு விழுந்த மாதிரி, அவ்வளவுதான், நூலுமில்லை, நீளமுமில்லை.

"அன்னைக்கு ஒள்ளங்கையால அமுக்குனது இந்தச் சத்தத்தையா வாஸண்ணே?" என்றாள் இன்னாசியம்மா.

வாஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். இடுப்பு வாரைத் தளர்த்தி, உள்ளே தைத்திருந்த சிறு பையைப் பிய்த்து, வியர்வையில் நனைந்த காசைக் கல்லில் வைத்தார். வைத்த கை விலகுவதற்குள் பெரிய ராஜா திரும்பினார், ரிப்பன் கட்டிய முடி தெரிந்தது. அவர் கழுத்திலிருந்த சின்ன ராஜாவும் கூடவே திரும்பினார், கடுகளவு பிடரி. யாரோ காசைத் தட்டிவிட, அது சுழன்று விழுந்து ஒலித்தது, அந்த ஒலி தானாக ஓய்கிற வரைக்கும் வலைக்கூடத்தில் யாரும் மூச்சு விடவில்லை.

"எழுதுங்க," என்றாள்.

பச்சை மையில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி எழுதினார். அசல்.

"பெரியவரு பேரு?"

"கார்லோஸ். ஸ்பெயின் ராஜா."

"சின்னவரு?"

"ஜார்ஜ். இங்கிலாந்து."

"சந்தியாகு, இங்க வா. எம் புருசன் யாருக்காவ மூச்ச விட்டாருன்னு இப்பம் சொல்லு."

சந்தியாகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ரெண்டு ராஜாவக் கையில பிடிச்சிக்கிட்டுப் போனாரு எக்கா" என்றான். அவள் அதோடு விடவில்லை. நாற்பது மேசைக்கும் போனாள். நாற்பது பேரையும் சொல்லச் சொன்னாள். நானும் சொன்னேன், அன்றைக்கு வாயைத் திறக்காததற்காக.

சாமி அவள் பக்கத்தில் வந்து மெதுவாக, "மன்னிச்சிரு இன்னாசி, மனுசன் ஒடிஞ்சிட்டாரு. நீ மன்னிச்சா ராஜாக்களும் அவரு பக்கம் திரும்புவாங்க" என்றார்.

"திருப்புனது நானில்ல சாமி. ராஜாக்க காரியத்த ராஜாக்ககிட்டக் கேளுங்க." அவள் அசல் காசையும் சீட்டையும் கைக்குட்டையில் முடிந்தாள். பிறகு, மூக்கு சிவந்த நகலையும் எடுத்துப் புளி இருந்த முடிச்சில் போட்டுக்கொண்டாள். "இது என்னத்துக்கு?" என்றார் சாமி. "ஒரு நாளைக்கு ஆவும்" என்றாள்.

அந்த வருஷத்துப் பூசையில் தொபியாசு, கார்லோஸ், ஜார்ஜ் என்று மூன்று பேரையும் சேர்த்து வாசித்தார்கள். ராஜாக்கள் வாஸ் பக்கம் திரும்பவே இல்லை. வாஸ் அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். ஞாயிறுதோறும் அவரைக் கூட்டிக்கொண்டுவந்து உட்காரவைத்துக் காசுகளை நீட்டினார்கள், அவர் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை.

ஒரு மார்கழிக் காலையில் அவர் இறந்துபோனார். நெற்றியில் வைக்க அவருடைய அக்கா ரெஜினாள் அலமாரியிலிருந்து நல்லதொரு ராஜாவை எடுத்துவந்தாள். நெற்றியில் பட்டதும் ராஜா திரும்பிக்கொண்டார். இன்னொருவரை வைத்தாள், அவரும். ஒன்பது மணிக்கு ஆரம்பித்துப் பதினோரு மணிவரை ராஜாக்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். சாட்சி சொல்ல வேண்டியவர் பிடரியைக் காட்டினால் விசாரணை என்னத்துக்கு ஆகும்? பெட்டி தயாராகிவிட்டது, சாமி வந்துவிட்டார், ரெஜினாள் முக்காடு விலகினதுகூடத் தெரியாமல் தெருவில் ஓடி இன்னாசியம்மாவின் வாசலில் நின்றாள்.

"இன்னாசி, அவன் செஞ்சது பாவம்தான். ஆனா ஒரு ராஜாகூட இல்லாம எப்பிடி அனுப்புவேன்?"

"வாரேன் எக்கா," என்றாள் இன்னாசியம்மா. தலையைச் சீவி, ராணிக்கொண்டை போட்டு, வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த மூக்கு சிவந்த காசை எடுத்து வாஸின் நெற்றியில் வைத்தாள். ராஜா திரும்பவில்லை. மூடின கண்களுக்கு மேல், முகத்தைக் காட்டிக்கொண்டு அப்படியே இருந்தார். வீடே பெருமூச்சு விட்டது. ரெஜினாள் அவள் கையைப் பிடித்து, நீ நல்லாருப்ப, நீ நல்லாருப்ப என்று அழுதாள்.

ஜெபம் முடிந்தது. பெட்டியை மூடுவதற்கு முன்னால், வழக்கப்படி காசை எடுக்க ரெஜினாள் கையை நீட்டினாள். இன்னாசியம்மா அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். மூன்று ஆம்பளை பிரிக்க முடியாத பிடி என்று கரையில் அன்று சொன்னார்களே, அந்தப் பிடி.

"எடுக்காதீய எக்கா. வீட்டுல வைக்கிற காசு இல்ல அது. கூடவே போவட்டும். அங்க இவருகிட்ட என்ன கேட்டாலும் இந்த ராஜாதான் சொல்லணும். இவரு ஊத்துன ராஜா, இவரு கறுப்பேத்துன ராஜா, இந்த ராஜாவத் தவிர வேற யாருக்கு இவர நல்லாத் தெரியும்?"

ரெஜினாளின் கை விழுந்தது. பெட்டியை மூடினார்கள். மூடின அதே நேரத்தில் அவர் வீட்டு அலமாரியில் நானூறு ராஜாக்களும் பழையபடி முகத்தைக் காட்டித் திரும்பியதாக, அங்கே பெருக்கிக்கொண்டிருந்த பெண் பிறகு சொன்னாள். அதை நான் பார்க்கவில்லை. நான் கல்லறையில் இருந்தேன். பெட்டியைக் கயிற்றில் இறக்கும்போது தலைமாடு கொஞ்சம் சரிந்தது, உள்ளே காசு நெற்றியிலிருந்து நழுவிப் பலகையில் விழுந்தது.

டொக் என்றது.

கூட்டத்தில் யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. இன்னாசியம்மாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். முதல் பிடி மண்ணை அவள்தான் போட்டாள்.